வரைபடக் குறிப்புகளும் அவற்றைப் படிக்கும் கண்ணும்

ஒரு யந்திர உறுப்பின் வரைபடத்தில் கோடுகள் வடிவத்தைக் கூறுகின்றன. அவ்வுறுப்பு எந்த உலோகத்தால் ஆகவேண்டும், எத்தனை துளைகள் இடவேண்டும், மரை எவ்வளவு ஆழத்துக்குச் செல்லவேண்டும், எந்தப் பரப்பைத் தீட்டி மெருகிடவேண்டும் என்பனவற்றைக் கோடுகள் கூறமாட்டா. அவற்றை எழுத்தும் எண்ணுமே கூறுகின்றன. ஆயினும் நம் வரைபடக் கூடங்களில் கோட்டுக்குக் கிடைக்கும் கவனத்தில் பாதியளவுகூட எழுத்துக்குக் கிடைப்பதில்லை. படம் முடிந்தபின், எஞ்சிய இடத்தில், எஞ்சிய நேரத்தில் குறிப்புகள் எழுதப்படுகின்றன. எழுத்தின் உயரம் என்னவென்று கேட்டால், முந்தைய படத்தில் இருந்த உயரமே என்று விடை வருகிறது. இதைப் பற்றி என் அபிப்பிராயம் ஒன்றே. எழுத்தின் உயரத்தை மூலப்படத்துக்காகவோ கணினித் திரைக்காகவோ நிர்ணயிக்கலாகாது. தொழிலாளியின் கைக்குச் சென்று சேரும் நகல்களில் மிகச் சிறியது எதுவோ அதற்காகவே நிர்ணயிக்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு பட்டறையில் வார்ப்பிரும்புத் தட்டுகளில் மரை வெட்டிக்கொண்டிருந்தார்கள். எட்டு மில்லிமீட்டர் மெட்ரிக் மரை. அதற்கு முதலில் 6.8 மி.மீ. துளை இட்டு, பின்னர் டேப்பைச் செலுத்த வேண்டும். ஒரே காலைப்பொழுதில் மூன்று டேப்புகள் துளைக்குள்ளேயே முறிந்தன. வார்ப்பு இறுகிவிட்டது என்றார் ஒருவர். டேப்புகள் மட்டமானவை என்றார் மற்றொருவர். துளையை அளந்து பார்த்தபோது 6.6 மி.மீ. இருந்தது. துளையிட்டவரைக் குறைகூற வழியில்லை. அவர் கையிலிருந்த நகலில் கடைசி இலக்கம் எட்டா, ஆறா என்று எனக்கும் புலப்படவில்லை. இங்கு கவனிக்கத்தக்கது, 6.6 என்பதும் பொருந்தாத எண்ணன்று என்பதே. ஆறு மி.மீ. போல்ட்டு தடையின்றிப் புகுவதற்கு வழக்கமாக இடும் துளை 6.6 மி.மீ. தான். அதற்குரிய டிரில் பிட் அவருடைய பெட்டியிலேயே இருந்தது. நகலில் 6.8 என்பது 0.8 என்றோ 68 என்றோ தோன்றியிருந்தால் அவர் வேலையை நிறுத்தி மேஸ்திரியை வினவியிருப்பார். தவறான எண்ணும் அவருக்குப் பழக்கமானதாக இருந்தமையால் வினவவில்லை. அந்த நகல், ஏ1 தாளில் வரைந்த படத்தை ஏ3 தாளில் சுருக்கி எடுத்தது. மூலப்படத்தில் எழுத்தின் உயரம் 2.5 மி.மீ. என்று பின்னர் அறிந்தேன். அதாவது மூலப்படத்தை வரைந்தவர் விதியை மீறவில்லை.

அவ்விதி எங்கிருந்து வந்தது என்பதைச் சிறிது பார்ப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பொறியியல் வரைபடங்களின் தலைப்புகளும் குறிப்புகளும் அச்செழுத்தைப்போல் நுனிக்கட்டைகளும் தடிப்பு வேறுபாடுகளும் கொண்டு அலங்காரமாக எழுதப்பட்டன. அமெரிக்காவில் சார்லஸ் ரைன்ஹார்ட் என்ற வரைவாளர் 1890களில் ஒரே தடிப்புள்ள ஒற்றைக்கோட்டு எழுத்தைப் பரப்பினார். வேகமாக எழுதலாம், தெளிவாகப் படிக்கலாம் என்பது அதன் சிறப்பு. நகலெடுக்கும் முறைகளும் அதே திசையில் தள்ளின. ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டறிந்த இரும்புப்பு முறையிலிருந்தே நீலத்தாளில் வெண்கோடு தெரியும் புளூபிரிண்டு வந்தது. அதில் நுண்ணிய வளைவுகளின் உட்புறம் கசிந்து அடைபட்டுப்போகும். அதன்பின் வந்த அம்மோனியா நகல் வெயிலில் வெளுத்தது. அதற்கும் பின்னர் வரைபடங்களை 35 மி.மீ. படச்சுருளில் அடக்கி வைக்கும் வழக்கம் ஏற்பட்டது. ஒரு மீட்டருக்கும் மேற்பட்ட நீளமுள்ள தாள் கைவிரல் நுனியளவுக்குச் சுருங்கி, மீண்டும் விரிந்து வந்தபோதும் எழுத்து பிழைத்திருக்க வேண்டும். இத்தேவைகளை மனத்திற்கொண்டே சர்வதேச நியமம் ஐ.எஸ்.ஓ. 3098 உருவாயிற்று. அதன் முதற்பகுதி 1974இல் வெளிவந்தது. இந்தியாவில் பொதுப் பொறியியல் வரைபடங்களுக்கான ஐ.எஸ். 696இல் எழுத்துக்கும் இடமிருந்தது. பின்னர் 1983இல், எழுத்தமைப்புக்கென்றே ஐ.எஸ். 9609 வெளியிடப்பட்டது.

இந்நியமத்தின் உள்ளமைப்பைப் பலரும் மனப்பாடமாக அறிவர். அதன் காரணத்தைச் சிலரே எண்ணிப் பார்த்திருப்பர். எழுத்தின் உயரங்கள் 2.5, 3.5, 5, 7, 10, 14, 20 மி.மீ. என்று செல்கின்றன. ஒவ்வொன்றும் தனக்கு முந்தியதைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்கு, துல்லியமாகக் கூறின், இரண்டின் வர்க்கமூலம். வரைதாள்களின் அளவுகளும் இதே விகிதத்தையே பின்பற்றுகின்றன. ஏ1 தாளை ஏ2 ஆகச் சுருக்கும்போது நீளமும் அகலமும் அவ்விகிதத்தில் குறைகின்றன, 3.5 மி.மீ. எழுத்து 2.5 மி.மீ. ஆகிறது. கோட்டுத் தடிப்புகளும் 0.25, 0.35, 0.5, 0.7 என்று அதே படிக்கட்டில் நிற்பவை. ஆகவே சுருங்கிய நகலில் புதிதாக ஒரு குறிப்பைச் சேர்க்க வேண்டுமானால், பெட்டியிலுள்ள அடுத்த சிறிய பேனாவை எடுத்து எழுதினால் போதும். பழைய எழுத்தும் புதிய எழுத்தும் பொருந்திவிடும். தாள், பேனா, எழுத்து மூன்றையும் ஒரே எண்ணால் பிணைத்த இவ்வேற்பாடு, நியமங்களை வகுத்தவர்களின் அறிவுக்கு நல்ல சான்று. வேறு பல நியமங்களைப் பற்றி இவ்வாறு கூற எனக்கு மனம் வராது.

எழுத்தின் தடிப்புக்கு இருவகை உண்டு. முதல்வகையில் உயரத்தின் பதினான்கில் ஒரு பங்கும், இரண்டாம் வகையில் பத்தில் ஒரு பங்கும் தடிப்பாகும். இரண்டாம் வகையே நம்மிடையே பெருவழக்கு. எழுத்துக்கு எழுத்து இடைவெளி தடிப்பைப்போல் இருமடங்கு. சொல்லுக்குச் சொல் ஆறு மடங்கு. வரிக்கு வரி, அடிக்கோட்டிலிருந்து அடிக்கோட்டுக்குப் பதினான்கு மடங்கு. அடுத்தடுத்து நிற்கும் இரு கோடுகளுக்கிடையே அவற்றின் தடிப்பைப்போல் இருமடங்கேனும் வெற்றிடம் இருக்கவேண்டும் என்பதே இவற்றுக்கெல்லாம் அடிப்படை. அவ்வெற்றிடம் இருந்தால்தான் மை கசிந்தாலும் ஒளி சிதறினாலும் இரு கோடுகள் ஒன்றாகமாட்டா. எழுத்து நிமிர்ந்தும் நிற்கலாம், 75 பாகையில் வலப்பக்கம் சாய்ந்தும் நிற்கலாம் என்று நியமம் விட்டுவிட்டது. நான் நிமிர்ந்த எழுத்தையே விரும்புகிறேன். சாய்வெழுத்து கையால் எழுதுவோரின் வசதிக்காக வந்தது. கணினிக்கு அவ்வசதி தேவையில்லை.

குறைந்தபட்ச உயரம் 2.5 மி.மீ. என்பது 1983ஆம் ஆண்டு நியமத்தின் விதி. பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் கலந்து வருமாயின், சிறிய எழுத்தின் உடலே 2.5 மி.மீ. இருக்கவேண்டுமாதலால், பெரிய எழுத்து 3.5 மி.மீ. ஆகவேண்டும். பிற்காலத்துச் சர்வதேசத் திருத்தம் ஒன்று 1.8 மி.மீ. உயரத்தையும் பட்டியலில் சேர்த்தது. இச்சலுகை தந்திருக்கவேண்டியதில்லை என்பதே என் துணிபு. எந்தக் குறைந்தபட்சமும் சிறிது காலத்தில் வழக்கமான அளவாகிவிடுவதை நாம் காண்கிறோம்.

இப்போது பட்டறைக்கு வருவோம். ஏ1 தாளை ஏ3 ஆகச் சுருக்கினால் நீளம் சரிபாதியாகிறது, 2.5 மி.மீ. எழுத்து 1.25 மி.மீ. ஆகிறது. கண் மருத்துவர்கள் மாட்டும் எழுத்துப் பலகையை 1862இல் வகுத்த ஸ்னெல்லன், இயல்பான பார்வையுள்ளவர் படிக்கக்கூடிய மிகச் சிறிய எழுத்து கண்ணில் ஐந்து கலைக் கோணம் அமைக்கவேண்டும் என்று கொண்டார். ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கே கலை. ஆறு மீட்டர் தூரத்தில் அது ஏறக்குறைய 8.7 மி.மீ. உயரமுள்ள எழுத்து. ஒரு மீட்டர் தூரத்துக்குக் கணக்கிட்டால் 1.45 மி.மீ. வருகிறது. துளையிடும் யந்திரத்துக்குப் பின்னாலுள்ள பலகையில் குத்தி வைத்த நகல், தொழிலாளியின் கண்ணிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் தூரத்தில்தான் இருக்கும். அங்கு 1.25 மி.மீ. எழுத்து, குறைபாடில்லாத கண்ணுக்கும் எட்டாத அளவு. நாற்பது வயதைக் கடந்தவர், எண்ணெய்ப் புகை படிந்த மூக்குக்கண்ணாடி, ஒற்றைக் குழல்விளக்கு ஆகியவற்றை நான் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை. எழுத்து 2.5 மி.மீ. ஆகவே இருந்திருந்தால் அதே தூரத்தில் எட்டரைக் கலைக்கு மேல் கோணம் கிடைத்திருக்கும். சற்றுக் குனிந்து பார்த்தால் ஐயம் தீர்ந்திருக்கும்.

அச்சிட்ட நகலும் இல்லாமல், வரைபடத்தைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பிவிடும் வழக்கம் இக்காலத்தில் கட்டுமானத் தளங்களில் வேரூன்றிவிட்டது. ஏ1 தாளின் நீளப்பக்கம் 841 மி.மீ. அனுப்பும் வழியில் அப்படம் நீளவாக்கில் 1600 புள்ளிகளாகச் சுருக்கப்பட்டதென்று கொள்வோம். ஒரு புள்ளி தாளில் அரை மி.மீட்டருக்கும் சிறிது அதிகமாகிறது. 2.5 மி.மீ. எண்ணுக்கு உயரவாக்கில் ஐந்து புள்ளிகள்கூடக் கிடைப்பதில்லை. ஆறுக்கும் எட்டுக்கும் இடையே வேறுபாடாக நிற்பது ஒரு புள்ளிதான். திரையில் விரலால் விரித்துப் பார்த்தால் அப்புள்ளி பெரிதாகுமேயன்றி, இழந்த வடிவம் திரும்பி வராது.

ஆகையால் என் பரிந்துரை எளிது. ஏ1 தாளில் வரைந்து ஏ3 தாளில் வழங்குவது ஒரு கூடத்தின் வழக்கமாயின், அங்கு எழுத்தின் குறைந்தபட்ச உயரம் 5 மி.மீ.; ஏ0 தாளில் வரைந்து ஏ3 தாளில் வழங்குவதாயின் 7 மி.மீ. நியமத்தின் படிக்கட்டிலேயே இரண்டு படி, மூன்று படி ஏறுகிறோம். புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. கூடவே, படத்தின் அளவுவிகிதத்தை எழுதும் இடத்தில் அது எந்தத் தாளுக்குரிய விகிதம் என்றும் எழுதிவிட வேண்டும். பாதியாகச் சுருங்கிய நகலில் 1:50 என்று எழுதியிருப்பது பொய்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அது வலுவான மறுப்பும்கூட. எழுத்தின் உயரத்தை இருமடங்காக்கினால் அது பிடிக்கும் இடம் நான்மடங்காகும். இன்று ஒரு கட்டடப் படத்தின் வலப்பக்கத்தில் தலைமுதல் அடிவரை நிறைந்திருக்கும் பொதுக்குறிப்புகளில் நான்கில் ஒரு பங்குக்கே இடம் கிடைக்கும். மற்றவை எங்குச் செல்லும்? என் விடை: அவற்றுள் பெரும்பாலானவை எங்கும் செல்லத் தேவையில்லை. ஒரு கூடத்தின் பழைய படங்களை வரிசையாக எடுத்துப் பார்த்தால், பொதுக்குறிப்புகள் ஒரு படத்திலிருந்து அடுத்ததற்கு அப்படியே பெயர்ந்து வந்திருப்பது தெரியும். மரமே பயன்படாத கட்டடத்தின் படத்தில் தேக்குக்கு எண்ணெய் பூசும் குறிப்பை நானே கண்டிருக்கிறேன். யாரும் அதை நீக்கத் துணிவதில்லை. நீக்கினால் பொறுப்பு நீக்கியவர்மேல் வரும் என்ற அச்சம். இவ்வாறு சேர்ந்த முப்பது குறிப்புகளுக்கு நடுவே, தவறினால் வேலையே வீணாகும் இரண்டு குறிப்புகள் புதைந்து கிடக்கின்றன. கம்பிக்கு மேல் கான்கிரீட் மூட்டம் எவ்வளவு என்பது அத்தகைய குறிப்பு. அதை அந்த வெட்டுத்தோற்றத்தின் அருகிலேயே, பெரிய எழுத்தில், அம்புக்கோட்டுடன் எழுதுவதே முறை. ஒப்பந்தத்துக்கும் வழக்காடலுக்கும் உரிய குறிப்புகள் தனித்தாளில் இருக்கட்டும். அவற்றைப் படிப்பவர் நாற்காலியில் அமர்ந்தே படிப்பார்.

எதிர்காலத்தில் படமே இராது, முப்பரிமாண உருவத்திலிருந்து யந்திரம் நேரே அளவுகளை எடுத்துக்கொள்ளும் என்று கூறுவோரும் உளர். பெரிய ஆலைகள் சிலவற்றில் அது நடைபெறத் தொடங்கியும் விட்டது. ஆனால் இந்நாட்டில் உறுப்புகளைச் செய்வோரில் மிகப் பலர், நான்கைந்து யந்திரங்களை வைத்துக்கொண்டு ஒரு கொட்டகையில் வேலைபார்ப்பவர்கள். அவர்களுக்கு உத்தரவு காகிதத்திலேயே வருகிறது. கணினி அவர்களுக்குச் செய்த உதவியைவிட, வரைவாளருக்குச் செய்த மயக்கம் பெரிது. கையால் எழுதிய காலத்தில் எழுத்து எவ்வளவு சிறிது என்பதை எழுதுபவரின் கண்ணே உணர்த்திற்று. இப்போதோ திரையில் எந்த எழுத்தையும் விரும்பியவாறு பெரிதாக்கிப் பார்க்கலாம். தாளில் அது எவ்வளவு என்பதை எண்ணைப் பார்த்துத்தான் அறியவேண்டும், கண்ணால் அன்று.

உயரம் சரியானபின் வடிவத்தைக் கவனிக்கலாம். குறிப்புகள் அனைத்தையும் ஆங்கிலப் பெரிய எழுத்திலேயே எழுதவேண்டும் என்பது நம் பாடநூல்கள் தந்த பழக்கம். சிறிய எழுத்துகளின் கண்கள் நகலில் அடைபடும், வால்கள் அடுத்த வரியில் மோதும் என்பதே அதற்குக் காரணம். சொற்களைப் பொறுத்தவரை இதை ஏற்கலாம். அளவைக் குறியீடுகளைப் பொறுத்தவரை ஏற்கலாகாது. சர்வதேச அளவை முறையில் சிறிய ‘எம்’ முன்னே நின்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு. பெரிய ‘எம்’ நின்றால் பத்து லட்சம் மடங்கு. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு நூறு கோடி மடங்கு. மில்லிமீட்டரைப் பெரிய எழுத்தில் எழுதினால் யாரும் ஏமாறமாட்டார்கள் என்பது உண்மையே. ஆனால் அழுத்தத்துக்கும் வலிமைக்கும் உரிய குறியீடுகளில் அப்பழக்கம் தொடர்ந்தால், புதிதாக வேலைக்கு வந்தவர் எதை நம்புவது?

தசமப்புள்ளி மற்றோர் எளிய பலி. எழுத்தின் தடிப்பளவே உள்ள புள்ளி பாதியாகச் சுருங்கும்போது தூசியிலிருந்து வேறுபடுவதில்லை. அதனால் ஒன்றுக்குக் குறைந்த எண்களுக்கு முன்னே சுழியம் இடுவதைக் கட்டாயமாக்க வேண்டும். .5 என்பது 5 ஆகிவிடக்கூடும், 0.5 என்பதில் புள்ளி மறைந்தாலும் முன்னே நிற்கும் சுழியம் எச்சரிக்கை செய்யும். புள்ளிக்கு ஒரு முழு எழுத்தின் இடைவெளியும் கொடுக்க வேண்டும். ஐரோப்பியர் பலர் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி இடுகின்றனர். அதன் வால் நகலில் பிழைப்பது உண்மையே. எனினும் ஆயிரங்களைக் காற்புள்ளியால் பிரித்துப் பழகிய நமக்கு அது வேறு குழப்பத்தைத் தரும். பின்னங்களை எழுதவேண்டிய சிரமம் நமக்கு நீங்கியதை இங்கே நன்றியுடன் நினைக்கலாம். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்து, 1958 அக்டோபர் முதல் படிப்படியாக நடைமுறையான மெட்ரிக் முறையின் நன்மைகளைக் கூறுவோர், வரைபட எழுத்துக்கு அது செய்த நன்மையைக் கூறுவதில்லை. அங்குலத்தில் பதினாறில் மூன்றும் பதினாறில் ஐந்தும், ஒரு வரியின் உயரத்துக்குள் இரண்டு அடுக்காக நெருக்கி எழுதப்பட்டன. அந்த மூன்றையும் ஐந்தையும் வேறுபடுத்தக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவர் எத்தனை பேரோ!

இதுவரை கூறியது உரோமன் எழுத்தைப் பற்றியது. அதைப் படிக்க இயலாதவருக்கு அது எவ்வளவு தெளிவாக இருந்து என்ன பயன்? தொழிற்பயிற்சி நிலையங்களில் தாய்மொழியில் பாடம் பயின்று வரும் இளைஞர் எண்களையும் குறியீடுகளையும் தயங்காமல் படிக்கின்றனர். ஆங்கில வாக்கியக் குறிப்பை உடனிருப்பவரிடம் கேட்டறிகின்றனர். கேட்டறிந்தது சரிதானா என்பதற்குச் சாட்சியில்லை. ஆகவே குறிப்புகளை வட்டார மொழியிலும் எழுதவேண்டும் என்ற எண்ணம் சில இடங்களில் செயலுக்கு வந்திருப்பது வரவேற்கத்தக்கது. ஆனால் எழுத்தமைப்புக்கு அங்கு வழிகாட்டி இல்லை. ஐ.எஸ்.ஓ. 3098 தொடரில் லத்தீன், கிரேக்க, சிரில்லிய எழுத்துகளுக்குத் தனித்தனிப் பகுதிகள் உள்ளன; இந்திய எழுத்து எதற்கும் இல்லை. தமிழெழுத்துக்கு உயரமும் தடிப்பும் கட்டமும் குறித்த மாதிரித் தாள் ஒன்று எந்த வரைபடக் கூடத்துச் சுவரிலும் தொங்க நான் கண்டதில்லை. கணினியில் கிடைக்கும் புத்தக எழுத்துருவையே இட்டு நிரப்புகின்றனர். பழைய குறியேற்றத்தில் அமைந்த எழுத்துருவாயின், கோப்பு வேறு கணினிக்குச் சென்றதும் குறிப்பு முழுதும் பொருளற்ற குறிகளாகிவிடுகிறது. யூனிகோடு எழுத்துரு மட்டுமே கையாளப்படல் வேண்டும் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை.

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடு இல்லை. ஆனால் ‘டி’, ‘கீ’ போன்றவற்றில் மேலே எழும் வளைவும், மெய்களின் புள்ளியும், ‘ழ’, ‘மு’ போன்றவற்றில் கீழே இறங்கும் வாலும் உண்டு. ஆகவே தமிழெழுத்தை ஆங்கிலச் சிறிய எழுத்தைப்போலவே கருதவேண்டும்: நடுவே உடல், மேலே மூன்று பங்கு, கீழே மூன்று பங்கு. தடித்த வகையில் உடலுக்குத் தடிப்பைப்போல் ஏழு மடங்கே உயரம் கிடைக்கும். மூன்று கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக, இருமடங்கு இடைவெளியுடன், அதற்குள் மட்டுமட்டாக அடங்கும். ‘ண’, ‘ஞ’ போன்ற எழுத்தில் ஐந்து கோடுகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், தடிப்பைப்போல் பதின்மூன்று மடங்கு அகலம் தேவை. எழுத்து தன் உடலுயரத்தைப்போல் இருமடங்கு அகன்று பரந்துவிடும். மெல்லிய வகையிலோ உடலுக்குப் பத்து மடங்கு உயரம் கிடைக்கிறது. அதே எழுத்து உயரத்தினும் சிறிதே அகலமாக அமைகிறது. ஆகையால் ஆங்கிலத்துக்குத் தடித்த வகை ஏற்றதாயினும், தமிழுக்கு மெல்லிய வகையே ஏற்றது என்று கொள்கிறேன். 5 மி.மீ. மொத்த உயரம், 0.35 மி.மீ. தடிப்பு, ஏறக்குறைய 3.5 மி.மீ. உடல்: சுருக்காமல் வழங்கும் தாளுக்கு இதுவே தொடக்க அளவாக இருக்கலாம். ஆங்கிலத்தைவிட இடம் அதிகம் பிடிக்கும். அதற்கேற்பக் குறிப்புகளைக் குறைத்தே தீரவேண்டும்.

மெய்யெழுத்தின் புள்ளியைத் தடிப்பைப்போல் இருமடங்கு விட்டத்தில் இடவேண்டும். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் தெளிவாக வேறுபடவேண்டும். இல்லையேல் ‘கோடு’ என்பது ‘கொடு’ ஆகும். ‘ர’வின் கீழ்ச்சாய்வைச் சற்று நீட்டிக் காலினின்றும் பிரித்துக் காட்டவேண்டும். சில உயிர்மெய்களின் சிக்கலான வடிவங்களைக் களைந்து 1978இல் தமிழ்நாடு அரசு செய்த சீர்திருத்தம் இவ்வகையில் நமக்கு முன்னரே கைகொடுத்திருக்கிறது. எண்களை எண்ணாலேயே எழுதவேண்டும், சொல்லால் அன்று.

எதிர்மறை ஏவலைக் குறித்துத் தனியே எச்சரிக்கத் தோன்றுகிறது. இலக்கியத் தமிழில் ‘இடுக’ என்பதற்கு எதிர்ச்சொல் ‘இடற்க’. ஓரிரு எழுத்து மங்கினால் கட்டளை தலைகீழாகிவிடும். வரைபடத்தில் அவ்வடிவத்துக்கு இடம் தரலாகாது. ‘இடக் கூடாது’ என்று இரு சொல்லாக எழுதுவதே நன்று. அப்போதும், மறுப்பு வாக்கியத்தின் கடைசியில் நிற்பது தமிழின் இயல்பாகையால், ‘பற்றவைக்கக்’ என்று ஒரு வரி முடிந்து, ‘கூடாது’ என்பது அடுத்த வரிக்குச் செல்லும் அபாயம் உண்டு. நகலின் ஓரம் மடிந்தாலோ கிழிந்தாலோ வெல்டர் முதல் வரியை மட்டும் படிப்பார். மறுப்புக் குறிப்பு எதுவாயினும் ஒரே வரியில் அடங்கவேண்டும். அடங்காவிடில் வாக்கியத்தைச் சுருக்க வேண்டும், எழுத்தைச் சுருக்கலாகாது.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் பள்ளி, கல்லூரிகளுக்கென 1988இல் வெளியிட்ட எஸ்.பி. 46 என்ற தொகுப்பு, ஒரு தலைமுறை மாணவருக்கு வரைபட முறையைக் கற்பித்தது. அத்தகைய வெளியீடு ஒன்றில், தமிழ் உள்ளிட்ட இந்திய எழுத்துகளுக்குக் கட்டமிட்ட மாதிரித் தாள்கள் சேர்க்கப்பட வேண்டும். எழுத்துரு வரைவோரும் வரைவாளரும் ஒரே மேசையில் அமர்ந்தால், ஒவ்வொரு மொழிக்கும் இரண்டு தாள்களில் முடியக்கூடிய வேலை அது. அதுவரை காத்திராமல் ஒவ்வொரு கூடமும் செய்யக்கூடிய சோதனையும் ஒன்று உண்டு. வழங்கவிருக்கும் நகல்களில் மிகச் சிறியதை எடுத்து, அதை மீண்டும் ஒருமுறை நகலெடுத்து, இரண்டாம் நகலைப் பட்டறைப் பலகையில் குத்தவேண்டும். இரவு முறைக்கு வரும் தொழிலாளர்களில் வயதில் மூத்தவரை ஒரு மீட்டர் தள்ளி நிறுத்தி, எண்களை உரக்கப் படிக்கச் சொல்லவேண்டும். அவர் தயங்கும் எண்களைப் பென்சிலால் வட்டமிட்டு, படத்தை வரைவாளரிடம் திருப்பி அனுப்பவேண்டும்.